பேதம் பாராத தேடல்: தரவுத்தளங்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதலாம்: முதலெழுத்தை மட்டும் பெரிதாக, எல்லாவற்றையும் பெரிதாக, எல்லாவற்றையும் சிறிதாக. வங்கிப் படிவம் இரண்டாவதைக் கேட்கும். கைப்பேசியில் அவசரமாகத் தட்டினால் மூன்றாவது வரும். படிப்பவருக்கு மூன்றும் ஒரே ஆள்தான். உறவுநிலைத் தரவுத்தளமும் அப்படியே எடுத்துக்கொள்ளுமா என்பது, எழுத்துச் சமத்துவத்துக்கு அதில் என்ன விதி வகுத்திருக்கிறார்கள், அந்த விதியை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வினவலிலா, புலத்திலா, இன்டெக்ஸிலா, தரவுத்தளம் முழுவதற்குமா? தேடலின் வேகமும் விடையின் சரிதவறும் இந்த இடத் தேர்வில்தான் முடிவாகின்றன.

எண்ணாக மாறிய எழுத்து

1963இல் வெளியான ஆஸ்கி குறியீட்டின் முதல் பதிப்பில் சிறிய எழுத்துகளே கிடையாது. 1967 திருத்தத்தில் அவை சேர்ந்தபோது இடம் ஒதுக்கியதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. பெரிய ‘ஏ’யின் எண் 65, சிறிய ‘ஏ’யின் எண் 97, பெரிய ‘இசட்’ 90, சிறிய ‘இசட்’ 122. இருபத்தாறு இணைகளுக்கும் இடைவெளி 32. இரும எண்ணில் 32 என்பது ஒற்றை பிட். அதை அணைத்தால் பெரிய எழுத்து, ஏற்றினால் சிறிய எழுத்து. ஆங்கிலம் மட்டுமே உலகம் என்றால் பேதம் பாராத ஒப்பீடு இவ்வளவு மலிவானது.

அந்த பிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடவும் முடியாது. சதுர அடைப்புக்குறியின் எண் 91, நெளி அடைப்புக்குறியின் எண் 123. இவற்றுக்கும் இடைவெளி 32தான். நெளி அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குறியின் ‘சிறிய எழுத்து’ என்று யாராவது சொல்வார்களா? சொல்லியிருக்கிறார்கள். ஐஆர்சி என்ற அரட்டை நெறிமுறையின் 1993ஆம் ஆண்டு ஆவணம், அந்நெறிமுறை ஸ்காண்டிநேவிய வட்டாரத்தில் பிறந்ததைக் காரணம் காட்டி அப்படியே விதித்தது. அந்த நாடுகளின் 7-பிட் குறியீடுகளில் அதே எண்களில் அவர்களுடைய கூடுதல் உயிரெழுத்துகள் உட்கார்ந்திருந்தன. எந்த எழுத்து எதற்குச் சமம் என்பது பயன்படுத்துவோரின் உடன்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எண்வழி ஒப்பீட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பெரிய எழுத்துகள் அனைத்தும் சிறிய எழுத்துகள் அனைத்துக்கும் முன்னால் வந்துவிடும். பெரிய ‘இசட்’டில் தொடங்கும் பெயர், சிறிய ‘ஏ’யில் தொடங்கும் பெயருக்கு முன்னே நிற்கும். பட்டியலைப் படிப்பவருக்கு இது வெறும் எரிச்சல். ஆனால் இன்டெக்ஸ் இதே வரிசையை நம்பித்தான் கட்டப்படுகிறது என்பதால், சிக்கல் எரிச்சலோடு நிற்பதில்லை.

தொடக்கநிலையில் யார் எந்தப் பக்கம்

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலை மாதிரியில் இரண்டு மதிப்புகள் சமமா இல்லையா என்பதே அடிப்படைக் கேள்வி. இணைப்பு, தனித்துவம், குழுவாக்கம் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. உரைத் தொடர்கள் எப்போது சமம் என்பதையோ அந்தந்த மென்பொருளை உருவாக்கியவர்கள்தான் முடிவுசெய்தார்கள். 1992ஆம் ஆண்டு எஸ்கியூஎல் தரநிலை ‘கொலேஷன்’ என்ற கருத்தை உள்ளே கொண்டுவந்தது. எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்று சொல்லும் விதித்தொகுப்புதான் கொலேஷன். விதி இருக்க வேண்டும் என்று தரநிலை சொன்னதே தவிர, எல்லோருக்கும் ஒரே விதியைத் திணிக்கவில்லை.

மைஎஸ்கியூஎல் பேதம் பாராத பக்கம். ஸ்வீடனில் வளர்ந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால், பல ஆண்டுகள் அதன் தொடக்கநிலைக் கொலேஷனின் பெயரிலேயே ‘ஸ்வீடிஷ்’ இருந்தது. உலகெங்கும் ஸ்வீடிஷ் மொழியை எட்டிக்கூடப் பார்க்காத லட்சக்கணக்கான அட்டவணைகள் ஸ்வீடிஷ் அகரவரிசையில் ஒப்பிடப்பட்டன. பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. 2018இல் வந்த 8.0 பதிப்பு இதை யூனிகோட் விதிகளுக்கு மாற்றியது. பேதம் பாராத குணம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரும், வழக்கமான ஆங்கில நிறுவலில், இதே பக்கம்.

ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் எதிர்ப்பக்கம். இவற்றில் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஸ்கியூலைட் இரண்டுங்கெட்டான். சமக்குறி ஒப்பீட்டில் பேதம் பார்க்கும். மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் ‘லைக்’ ஒப்பீட்டில் பார்க்காது. அந்தப் பாராமையும் ஆஸ்கியின் 26 எழுத்துகளோடு நின்றுவிடும். பிரெஞ்சு, ரஷ்ய எழுத்துகளின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் அதற்கு வெவ்வேறு. கைப்பேசிக்குள் அடங்க வேண்டிய சின்ன மென்பொருள், யூனிகோட் அட்டவணைகளைச் சுமக்க வேண்டாம் என்று எடுத்த முடிவு. காரணம் நியாயமானதுதான், ஆனால் ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு வெளியிடுபவரை அது ஏமாற்றிவிடும்.

இந்த வேறுபாடு ஒரே அமைப்பில் வேலை செய்யும்வரை தெரியாது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஒரு செயலியை மாற்றும்போது எந்தப் பிழைச்செய்தியும் வராது; தேடினால் கிடைத்துக்கொண்டிருந்த பதிவுகள் பாதி கிடைக்காது, அவ்வளவுதான். எதிர்த்திசையில் மாற்றினால், இரண்டு தனித்தனிப் பயனர்பெயர்களாக இருந்தவை ஒன்றாகி, தனித்துவக் கட்டுப்பாடு பதிவேற்றத்தையே நிறுத்திவிடும். இரண்டாவது நல்லது, குறைந்தபட்சம் சத்தம் போடுகிறது.

இருபுறமும் மாற்றுவது

பேதம் பார்க்கும் தரவுத்தளத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒப்பீட்டின் இரு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்குவது: ‘லோயர்(மின்னஞ்சல்) = லோயர்(தேடுசொல்)’. விடை சரியாக வரும். சோதனைக்கு வைத்திருக்கும் சில நூறு பதிவுகளில் வேகமும் குறையாது. பத்து லட்சம் பதிவுகள் சேர்ந்தபின்தான் வினவல் தள்ளாடத் தொடங்கும்.

காரணம் இன்டெக்ஸின் அமைப்பு. பி-ட்ரீ எனப்படும் மர அமைப்பு, மதிப்புகளை ஒரு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் ‘இதற்கு முன்னா, பின்னா’ என்று கேட்டுக் கீழிறங்கினால், பத்து லட்சத்திலும் மூன்று நான்கு பக்கங்களைப் படித்தே தேடியது கிடைத்துவிடும். மின்னஞ்சல் புலத்தின்மேல் கட்டிய இன்டெக்ஸ், மூல வடிவத்தை, அதாவது பெரிய எழுத்துகளும் சிறியவையும் கலந்ததை, தன் வரிசையில் அடுக்கியிருக்கிறது. வினவல் கேட்பதோ சிறிய எழுத்தாக்கிய வடிவத்தை. சிறிய எழுத்தாக்கினால் வரிசை குலைந்துவிடும். ஆகவே இன்டெக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, தரவுத்தளம் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தீர்வு, மாற்றிய வடிவத்தின்மேலேயே இன்டெக்ஸ் கட்டுவது. ஆரக்கிள் 8ஐ பதிப்பிலேயே சார்புவழி இன்டெக்ஸாக இது வந்துவிட்டது, போஸ்ட்கிரெஸிலும் நெடுங்காலமாக உண்டு, மைஎஸ்கியூஎல்லில் 8.0.13இல்தான் வந்தது. இதில் ஒரு நிபந்தனை: வினவலில் உள்ள கோவையும் இன்டெக்ஸில் உள்ள கோவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘லோயர்’மேல் கட்டிவிட்டு ‘அப்பர்’ என்று கேட்டால் பயன் இல்லை. ஒரு குழுவில் இருவர் ஆளுக்கொரு பழக்கத்தில் எழுதினால் பாதி வினவல்கள் வேகமாகவும் மீதி மெதுவாகவும் ஓடும். காரணம் தெரியாமல் வன்பொருளைக் கூட்டுபவர்களும் உண்டு.

வேகத்துக்கு அப்பால் இன்னொன்றையும் இந்த இன்டெக்ஸ் தருகிறது. போஸ்ட்கிரெஸின் திட்டமிடுநருக்கு ‘லோயர்(மின்னஞ்சல்)’ என்ற கோவையில் எத்தனை தனி மதிப்புகள் உண்டு என்பது தெரியாது. தெரியாதபோது 200 என்று வைத்துக்கொள்ளும். எனவே பத்து லட்சம் பதிவுகளில் ஒரு மின்னஞ்சலைத் தேடினால் 5000 பதிவுகள் கிடைக்கும் என்று கணக்குப் போடும். வினவல் திட்டத்தைப் பார்க்கும்போது இப்படி அச்சடித்தாற்போல் ஒரு வட்ட எண் நின்றால், அது அளந்த கணக்கல்ல, ஊகம் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு பதிவுக்குப் பதில் ஐயாயிரம் என்று நம்பி அடுத்த அட்டவணையோடு இணைக்கும் முறையைத் தேர்ந்தால், தவறு அங்கிருந்து பெருகும். கோவையின்மேல் இன்டெக்ஸ் இருந்தால் ‘அனலைஸ்’ ஓடும்போது அந்தக் கோவைக்கும் புள்ளிவிவரம் சேர்க்கப்படும்.

தேடல் ஒன்று, தனித்துவம் ஒன்று

தேடலுக்கு ஒரு விதியும் தனித்துவத்துக்கு வேறு விதியும் வைத்திருப்பது நடைமுறையில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு. உள்நுழைவுப் பக்கம் பேதம் பாராமல் தேடுகிறது. மின்னஞ்சல் புலத்தின் தனித்துவக் கட்டுப்பாடோ பேதம் பார்க்கிறது. ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கிய முகவரியோடு பதிவுசெய்துவிட்டு, மறந்துபோய்ச் சிறிய எழுத்தில் மறுபடி பதிவுசெய்கிறார். தரவுத்தளம் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. இனி உள்நுழையும்போது இரண்டு பதிவுகள் கிடைக்கும். முதலில் எது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

‘பதிவுசெய்வதற்கு முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டால் போதாதா’ என்ற யோசனை போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் தேடும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை வரும், இரண்டும் எழுதும். தடுக்கும் வேலை தனித்துவ இன்டெக்ஸுடையது. அது சிறிய எழுத்தாக்கிய கோவையின்மேல் இருக்க வேண்டும்.

மின்னஞ்சல் நெறிமுறையே இங்கே சற்றுக் குழப்புகிறது. ‘அட்’ குறிக்குப் பின்னுள்ள களப்பெயரில் பேதம் கிடையாது. அதற்கு முன்னுள்ள பகுதியில் பேதம் உண்டு என்றே கருத வேண்டும் என்கிறது தரநிலை ஆவணம். நடைமுறையில் பெரிய அஞ்சல் சேவைகள் அந்தப் பேதத்தைப் பார்ப்பதில்லை. எனவே பயனர் தட்டிய வடிவத்தை அப்படியே சேமித்து, ஒப்பிடுவதற்கு மட்டும் சிறிய எழுத்து வடிவத்தைப் பயன்படுத்துவது இரு தரப்புக்கும் பொருந்தும்.

போஸ்ட்கிரெஸ் 2009இல், 8.4 பதிப்போடு, ‘சிடெக்ஸ்ட்’ என்ற தரவு வகையைக் கூடுதல் தொகுப்பாகத் தந்தது. புலத்தை இந்த வகையில் அறிவித்தால் சமக்குறி, வரிசை, தனித்துவம் எல்லாம் தாமாகவே பேதம் பாராதவை ஆகும். உள்ளுக்குள் அது செய்வது ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ‘லோயர்’ அழைப்பதைத்தான். மறதிக்கு இடமில்லாமல் விதியை வினவலிலிருந்து புலத்துக்கு நகர்த்தியதுதான் அதன் ஆதாயம். ‘லோயர்’ சார்பின் குறைகள் அதற்குள்ளும் அப்படியே இருக்கின்றன.

ஆஸ்கிக்கு வெளியே

அந்தக் குறைகள் துருக்கியில் வெளிப்படுகின்றன. 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியபோது, தன் ஒலிகளுக்கு ஏற்ப ‘ஐ’ எழுத்தை இரண்டாக்கியது: புள்ளியுள்ளது, புள்ளியில்லாதது. இரண்டுக்கும் பெரிய வடிவம் தனி, சிறிய வடிவம் தனி. புள்ளியுள்ள சிறிய எழுத்தின் பெரிய வடிவத்திலும் புள்ளி உண்டு. புள்ளியில்லாத பெரிய எழுத்தின் சிறிய வடிவத்திலும் புள்ளி இல்லை. துருக்கியருக்கு இது ஒழுங்கான ஏற்பாடு. ஆங்கிலத்தில்தான் புள்ளியில்லாத பெரிய எழுத்துக்குப் புள்ளியுள்ள சிறிய எழுத்து இணையாகியிருக்கிறது.

விளைவு, ‘இந்தப் பெரிய எழுத்தின் சிறிய வடிவம் எது’ என்ற கேள்விக்கு மொழி தெரியாமல் விடை கிடையாது. துருக்கிய அமைப்பில் ஓடும் மென்பொருள், பெரிய எழுத்தில் தட்டிய ‘இன்சர்ட்’ கட்டளையைச் சிறிய எழுத்தாக்கினால் முதலெழுத்து புள்ளியிழந்து, கட்டளையே அடையாளம் தெரியாமல் போகலாம். போஸ்ட்கிரெஸ் மூலநிரலில் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கும் பகுதியில், துருக்கியைப் பெயர் சொல்லியே எச்சரிக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கே ஆஸ்கி எழுத்துகளுக்கு மொழி சாராத மாற்றத்தையே பயன்படுத்துவதற்கு அதுதான் காரணம்.

ஜெர்மனின் ‘எஸ்ஸெட்’ வேறு வகைச் சிக்கல். பெரிய எழுத்தாக்கினால் அந்த ஒற்றை எழுத்து வழக்கமாக இரண்டு ‘எஸ்’ ஆகும். தொடரின் நீளம் கூடும். 2008இல் யூனிகோட் அதற்குத் தனிப் பெரிய வடிவம் தந்தது. 2017இல் ஜெர்மன் எழுத்தியல் மன்றமும் ஏற்றது. அதற்காகப் பழைய வழக்கம் ஒழிந்துவிடவில்லை. மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘ஜெனரல்’ கொலேஷன் எஸ்ஸெட்டை ஒரு ‘எஸ்’ஸுக்குச் சமமாக்கும்; ‘யூனிகோட்’ கொலேஷன் இரண்டு ‘எஸ்’ஸுக்குச் சமமாக்கும். ஒரே அட்டவணை, ஒரே வினவல். கொலேஷன் பெயர் மாறினால் விடை மாறும்.

கிரேக்கத்தில் ‘சிக்மா’வுக்குப் பெரிய வடிவம் ஒன்று, சிறிய வடிவம் இரண்டு. சொல்லின் கடைசியில் வந்தால் வாலுள்ள வடிவம், மற்ற இடங்களில் வேறு வடிவம். தெரு என்று பொருள்படும் ‘ஓடோஸ்’ பெரிய எழுத்தில் இருந்து, அதை எழுத்தெழுத்தாகச் சிறியதாக்கினால் கடைசியில் தவறான சிக்மா வந்து நிற்கும். சரியாகச் சிறிய எழுத்தில் எழுதிய அதே சொல்லோடு பொருந்தாது. சிறிய எழுத்தாக்குவதும் பேதம் நீக்குவதும் ஒரே வேலை அல்ல என்பது இங்கே தெரிகிறது. முதலாவது மனிதர் படிப்பதற்கு, இரண்டாவது இயந்திரம் ஒப்பிடுவதற்கு. இரண்டாவதற்கென்றே யூனிகோட் ‘கேஸ் ஃபோல்டிங்’ என்ற தனி அட்டவணை வைத்திருக்கிறது. அதில் எல்லாச் சிக்மாக்களும் ஒன்றாகும். எஸ்ஸெட் இரண்டு ‘எஸ்’ ஆகும். துருக்கிய விதி விருப்பத் தேர்வாகத் தனியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் இதற்கு நேரான சார்பு 2025இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

இவை மொழியியலாளரின் நுணுக்கங்களோடு முடிந்துவிடவில்லை. 2019 டிசம்பரில் ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில் சிவிஇ-2019-19844 என்ற பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல்லை மறந்தவர் மின்னஞ்சலைத் தட்டுகிறார். சட்டகம் தரவுத்தளத்தில் பேதம் பாராமல் தேடுகிறது. பதிவு கிடைத்தால் மீட்பு இணைப்பை அனுப்புகிறது. இப்போது ஒருவர் இன்னொருவரின் முகவரியில் உள்ள ‘ஐ’க்குப் பதில் துருக்கியின் புள்ளியில்லாத சிறிய ‘ஐ’யைப் போட்டுத் தட்டுகிறார். இரு பக்கத்தையும் பெரிய எழுத்தாக்கும் தரவுத்தளத்தில் இரண்டும் ஒரே பெரிய எழுத்தாகிவிடும். உண்மையான பயனரின் பதிவு கிடைத்துவிடும். மீட்பு இணைப்போ தட்டிய முகவரிக்குப் போகும். அந்த முகவரியைத் தாக்குபவர் முன்பே தன் பெயரில் வாங்கி வைத்திருந்தால் கணக்கு அவர் கையில்.

திருத்தம் இரண்டு அடுக்கில் வந்தது. இணைப்பை இனித் தரவுத்தளத்தில் சேமித்த முகவரிக்கே அனுப்ப வேண்டும். கிடைத்த பதிவையும் தட்டியதையும் யூனிகோட் முறையில் இயல்பாக்கி (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியேற்றங்களை ஒன்றாக்கி), ஃபோல்டிங் செய்து மீண்டும் ஒப்பிட வேண்டும். புள்ளியில்லாத ‘ஐ’ ஃபோல்டிங்கில் மாறாது என்பதால் இரண்டாம் ஒப்பீடு பொருந்தாது. இவற்றில் முதலாவதுதான் உண்மையான திருத்தம் என்று சொல்லலாம். தேடல் தாராளமாக இருக்கலாம். அது கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதில் தாராளம் கூடாது.

மூன்று அடுக்கு ஒப்பீடு

யூனிகோட் கொலேஷன் முறை ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று அடுக்கில் எடை தருகிறது. முதல் அடுக்கு, அடிப்படை எழுத்து. இரண்டாவது, மேல்கீழ் ஒலிக்குறிகள். மூன்றாவது, பெரியது சிறியது. முதலில் தொடர் முழுவதையும் முதல் அடுக்கில் ஒப்பிடும். சமமானால் மட்டும் அடுத்த அடுக்கு. இந்தக் கண்ணோட்டத்தில் பேதம் பாராமை என்பது இரண்டாம் அடுக்கோடு நிறுத்திக்கொள்வது. முதல் அடுக்கோடு நிறுத்தினால் ஒலிக்குறிகளும் கணக்கில் வராது.

மைஎஸ்கியூஎல் 8.0இன் தொடக்கநிலை, முதல் அடுக்கோடு நிறுத்தும் வகை. ஐரோப்பிய மொழிகளுக்கு இது வசதி, ஜப்பானியருக்கு வேடிக்கை. கட்டகானா எழுத்தில் ‘ஹாஹா’ என்றால் அம்மா, ‘பாப்பா’ என்றால் அப்பா. ‘ஹா’வின் தோளில் ஒரு சிறு வட்டம் இட்டால் ‘பா’. அந்த வட்டம் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது என்பதால், தரவுத்தளத்துக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்று. ஹிராகானாவில் எழுதினால் மருத்துவமனையும் அழகு நிலையமும் ஒன்று. அங்கே வேறுபாடு ஓர் எழுத்தின் அளவில் மட்டுமே. ஜப்பானிய நிரலாளர்களிடையே இவை பெயர்பெற்ற சிக்கல்கள். ஜப்பானியத்துக்கென்று இவற்றைப் பிரித்துப் பார்க்கும் தனிக் கொலேஷனை அதே 8.0 வரிசை தந்தது. தொடக்கநிலையை நம்பியவருக்குத் தானாக அது வராது.

போஸ்ட்கிரெஸ் இந்தப் பாதைக்குத் தாமதமாக வந்தது. அங்கே நெடுங்காலம் இரண்டு தொடர்கள் பைட் பைட்டாக ஒன்றாக இருந்தால்தான் சமம்; கொலேஷன் இரண்டையும் சமம் என்று சொன்னாலும் கடைசியில் பைட்டுகளை ஒப்பிட்டு ஒன்றை முன்னால் வைக்கும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பு, யூனிகோட் விதிகளைச் செயல்படுத்தும் ஐசியூ நூலகத்தின் துணையோடு, பைட்டுகள் வேறாக இருந்தும் சமமாகக் கருதும் கொலேஷன்களை அனுமதித்தது. இரண்டாம் அடுக்கோடு நிறுத்தும் கொலேஷனை உருவாக்கிப் புலத்துக்கு இட்டால், சிடெக்ஸ்டின் வேலை யூனிகோட் முறைப்படி நடக்கும். சிடெக்ஸ்டின் ஆவணமே இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இதற்கு விலையும் உண்டு: ஒப்பீடு மெதுவாகும், ஒரே மதிப்புகளைச் சுருக்கி வைக்கும் இன்டெக்ஸ் உத்தி வேலை செய்யாது, 18ஆம் பதிப்பு வரும்வரை ‘லைக்’ தேடலும் அத்தகைய புலத்தில் கிடையாது.

வெவ்வேறு விதியுள்ள இரண்டு புலங்களை இணைத்தால் என்ன ஆகும்? எந்த விதியை எடுப்பது என்று தெரியாமல் எஸ்கியூஎல் சர்வரும் மைஎஸ்கியூஎல்லும் பிழை சொல்லி நின்றுவிடும். எஸ்கியூஎல் சர்வரில் தற்காலிக அட்டவணைகள் சர்வரின் கொலேஷனை எடுத்துக்கொள்ளும். வேறு கொலேஷனில் உருவான தரவுத்தளத்தின் அட்டவணையோடு அவற்றை இணைக்கும்போது இந்தப் பிழை எழுவது அன்றாட அனுபவம்.

பகுதிச் சொல் தேடல்

இதுவரை பேசியது முழுப் பொருத்தம். ‘குமார் என்று தொடங்கும் பெயர்கள்’, ‘குமார் எங்காவது வரும் பெயர்கள்’ என்ற தேடல்களின் கணக்கு வேறு. போஸ்ட்கிரெஸின் ‘ஐலைக்’, அதாவது பேதம் பாராத ‘லைக்’, எழுத வசதியான சொல்; ஆனால் சாதாரண பி-ட்ரீயோடு அது ஒத்துப்போவதில்லை. மாதிரி எழுத்தில் தொடங்கினால் பெரியது, சிறியது என்று தொடக்கமே கிளைத்துவிடும்; எண் போன்ற பேதமில்லாத குறியில் தொடங்கினால் மட்டும் இன்டெக்ஸ் உதவும். தொடக்கப் பொருத்தத்துக்கு ‘லோயர்’ கோவையின்மேல், மாதிரி ஒப்பீட்டுக்கென்று உள்ள செயற்குறித் தொகுதியோடு இன்டெக்ஸ் கட்டி, சாதாரண ‘லைக்’கைப் பயன்படுத்துவதே நல்லது.

நடுவில் வரும் சொல்லுக்கு எந்த வரிசையும் உதவாது. தொடக்கம் தெரியாமல் மரத்தில் இறங்க முடியாது. இதற்கு டிரைகிராம் முறை இருக்கிறது. ஒவ்வொரு உரையையும் சிறிய எழுத்தாக்கி, மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தப் பதிவில் உள்ளது என்று தலைகீழ் இன்டெக்ஸ் வைத்துக்கொள்ளும். தேடும்போது தேடுசொல்லின் துண்டுகள் அனைத்தும் உள்ள பதிவுகளை மட்டும் எடுத்து, அவற்றை மறுபடி சரிபார்க்கும். போஸ்ட்கிரெஸ் 9.1 முதல் ‘லைக்’, ‘ஐலைக்’ இரண்டுக்கும் இது பயன்படுகிறது. இரண்டு எழுத்துத் தேடுசொல்லுக்கு முழுத் துண்டு கிடைக்காது என்பதால் பயன் குறைவு. இன்டெக்ஸும் பெருத்துவிடும்.

வரிசை விதி வெளியிலிருந்து வருகிறது என்பதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் நூலகத்திடமே ஒப்பீட்டு விதியைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அத்தகைய நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. இயங்குதளத்தைப் புதுப்பித்த இடங்களில் இன்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசையில் இறங்கியது. இருக்கும் பதிவு ‘இல்லை’ என்றானது. தனித்துவ இன்டெக்ஸ் இரட்டைப் பதிவுகளை உள்ளே விட்டது. உரைப் புலங்களின் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டுவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

பேதமில்லாத எழுத்தில்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. தமிழ் உரைக்கு ‘லோயர்’ எதையும் மாற்றாது. ‘லைக்’கும் ‘ஐலைக்’கும் ஒரே விடை தரும். ஆனால் ‘படிப்பவருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு வேறு’ என்ற அடிப்படைச் சிக்கல் தமிழிலும் உண்டு, வடிவம்தான் வேறு.

‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் குறியேற்றலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் குறியேற்றலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இவை இரண்டையும் சமம் என்றே அறிவித்திருப்பதால், இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்குச் சார்பு உண்டு.

‘ஸ்ரீ’ அவ்வளவு எளிதில் அகப்படாது. முதலில் அது ஸகரத்தைக் கொண்டு குறியேற்றப்பட்டது. 2005இல் யூனிகோட் 4.1 தமிழுக்கு ஶகரத்தைத் தந்தபின் அதைக் கொண்டு எழுதுவதும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இயல்பாக்கினாலும் இரண்டும் இரண்டாகவே இருக்கும். ஸ்ரீரங்கத்தைத் தேடுபவருக்குப் பாதி ஸ்ரீரங்கம்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பரவலானது ஔகாரம். ‘ஔவையார்’ என்பதை ஒகரத்தின் பக்கத்தில் ளகரம் போட்டு ‘ஒளவையார்’ என்று தட்டுவது அச்சிலும் இணையத்திலும் சர்வசாதாரணம். ‘கௌரி’யும் இப்படித்தான் ‘கெளரி’ ஆகிறாள். இது எழுத்துப்பிழை என்பதால் எந்தக் கொலேஷனும் இதைச் சமமாக்க வராது. தேடலுக்கென்று தனியாக ஒரு கணிப்புப் புலம் வைத்து, மூல உரையை இயல்பாக்கி, மாற்று வடிவங்களை ஒன்றாக்கி, அதன்மேல் இன்டெக்ஸ் கட்டுவதே வழி; தேடுசொல்லும் அதே மாற்றத்துக்கு உட்பட வேண்டும். மாற்றும் திசையில் மட்டும் கவனம் தேவை. ஒகரமும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கினால் ‘ஒளி’யும் ‘ஒளிவு’ம் உருக்குலைந்து போகும். தேடல் புலத்தில் ஔகாரத்தைப் பிரித்து ஒகர-ளகரமாக எழுதிவிட்டால் ஔவையார் இரு வடிவிலும் கிடைப்பார். ஒளிக்கும் சேதம் இல்லை. பார்வைக்குக் காட்டும் மூலப் புலத்தில் சரியான எழுத்து அப்படியே இருக்கும்.